சேர்வரின்ரை காலமை றிப்போர்ட் நிண்டு போச்சு: பழசைத் திருத்துறதோ, வேறை வழிக்கு மாறுறதோ?

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் இப்ப கன இடத்திலை ஒரு சின்ன சேர்வர் ஓடிக்கொண்டிருக்கு. அரிசி மில், ஹார்ட்வெயார் கடை, உரக்கடை, கூட்டுறவுச் சங்கம், ஒண்டு ரெண்டு தனியார் கிளினிக். பில் போடுற சொஃப்ட்வெயார், கடன் கணக்கு, ஸ்டொக் எல்லாம் அதுக்குள்ளைதான். பூட்டிக் குடுத்த ஆள் போகேக்கை "ஒவ்வொரு நாளும் காலமை ஒரு மெயில் வரும், டிஸ்க்கிலை எவ்வளவு இடம் மிச்சம், பக்கப் எடுபட்டதோ, எரர் ஏதும் இருக்கோ எல்லாம் அதிலை கிடக்கும்" எண்டு சொல்லி செட் பண்ணிட்டுப் போயிருப்பார். கொஞ்சக் காலம் வரும், பேந்து ஒருநாள் நிண்டிடும், நிண்டதை ஆரும் கவனிக்க மாட்டினம், ஏனெண்டால் வராத மெயிலை ஆர் தேடுவினம்.

மில் வைச்சிருக்கிற ஐயா ஒருத்தர் கேட்டவர், "தம்பி, மெயில் வரேல்லை எண்டால் பிழை ஒண்டும் இல்லை எண்டுதானே கருத்து?" "இல்லை ஐயா, சேர்வர் செத்துப்போனாலும் மெயில் வராதுதானே" எண்டன். "அப்ப உந்த மெயிலாலை என்ன பிரியோசனம்?" எண்டு திருப்பிக் கேட்டார். சரியான கேள்வி. பழைய றிப்போர்ட்டை மினக்கெட்டுத் திருத்தலாம், சொந்தமா ஸ்கிரிப்ட் (தானா ஓடுற சின்னக் கட்டளைக் கோவை) எழுதலாம், போனுக்கு மெசேஜ் வாற மாதிரி மாத்தலாம், வெளியிலை இருந்து பாக்கிற சேவை ஒண்டைப் பிடிக்கலாம், இல்லாட்டி பெரிய மொனிற்றரிங் சிஸ்டமே போடலாம். எல்லாத்தையும் நான் ஒரே அளவாலைதான் அளக்கிறன்: கெட்டது நடக்கேக்கை அது வாய் திறக்குமோ, இல்லாட்டி சேர்வரோடை சேந்து அதுவும் பேசாமல் இருந்திடுமோ.

மாறுறதுக்கு முதல் ஏன் நிண்டது எண்டு பாக்கோணும், ஏனெண்டால் கன நேரம் காரணம் சின்னது, அதைத் திருத்தாமல் புதுசுக்குப் போனால் புதுசும் அதே காரணத்தாலை நிக்கும். மூண்டு இடத்திலை நிக்கலாம். றிப்போர்ட் உருவாகேல்லையோ, உருவாகி அனுப்புப்படேல்லையோ, அனுப்பி வந்து சேரேல்லையோ. முதல் வேலையா ஸ்பாம் ஃபோல்டரைப் பாருங்கோ, சிரிக்க வேண்டாம், அதுக்குள்ளையே மாதக்கணக்கிலை குவிஞ்சு கிடந்த இடங்களும் இருக்கு.

உருவாகாததுக்கு எங்கட பக்கத்திலை முதல் காரணம் கரண்ட். 2022 பங்குனிக் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவங்கள், அந்த நேரம்தான் கன கடையள் யூபிஎஸ் வாங்கி யூஎஸ்பி வயராலை சேர்வரோடை கொழுவினது. அதிலை ஒரு கண்ணி இருக்கு. விண்டோஸ் அந்த யூபிஎஸ்ஸை ஒரு பற்றறியா எடுத்துக்கொள்ளும், லப்டொப்பிலை பற்றறி அடையாளம் காட்டுற மாதிரி. டாஸ்க் ஷெடியூலரிலை (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுற விண்டோஸ் பகுதி) புது டாஸ்க் ஒண்டு போட்டால் "ஏசி பவரிலை இருந்தால் மட்டும் தொடங்கு" எண்ட டிக் தானாகவே விழுந்திருக்கும், அதுக்குக் கீழை "பற்றறிக்கு மாறினால் நிப்பாட்டு" எண்ட டிக்கும் கூட. காலமை 6 மணிக்கு கரண்ட் இல்லை எண்டால் சேர்வர் யூபிஎஸ்ஸிலை வடிவா ஓடிக்கொண்டுதான் இருக்கும், றிப்போர்ட் மட்டும் ஓடாது. கண்டிஷன்ஸ் எண்ட பக்கத்திலை அந்த ரெண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கோ. அடுத்தது, அந்த நேரம் சேர்வரே ஓஃப் எண்டால் அண்டைய முறை தவறினது தவறினதுதான், "தவறினால் முடிஞ்சளவு கெதியா ஓட்டு" எண்டு செற்றிங்ஸ் பக்கத்திலை ஒரு டிக் இருக்கு, அது தானா விழாது, நாங்கள்தான் போடோணும். லினக்ஸிலையும் இதே கதை, அங்கை நேரத்துக்கு வேலை ஓட்டுற கிரோன் தவறின வேலையைத் திருப்பிச் செய்யாது, தவறினதைப் பிறகு ஓட்டுற அனக்ரோன் போடோணும், இல்லாட்டி சிஸ்டம்டி டைமரிலை பெர்சிஸ்டன்ட் எண்ட வரியைச் சேக்கோணும்.

கரண்டோடை சேந்த இன்னொண்டு மதர்போர்டிலை இருக்கிற சின்ன வட்டப் பற்றறி, 2032 எண்டு நம்பர் போட்டிருக்கும், 3 வோல்ட். அது இறங்கிட்டுது எண்டால் நீண்ட நேரம் கரண்ட் போய் வாற ஒவ்வொரு தடவையும் சேர்வரின்ரை மணிக்கூடு பழைய வருசம் ஒண்டுக்குப் போய் நிக்கும். பிறகு மெயில் சேர்வரோடை கதைக்கப் போகேக்கை "உங்கட சேர்ட்டிஃபிக்கேற் இன்னும் தொடங்கேல்லை" (மெயில் சேர்வர் காட்டுற டிஜிட்டல் அடையாளப் பத்திரம்) எண்டு பிழை சொல்லி இணைப்பை வெட்டிவிடும். பெடியள் இதை இன்டர்நெட் பிழை எண்டு நினைச்சு றவுட்டரை மாத்திறது, சிம்மை மாத்திறது எண்டு திரிவாங்கள். முதல் கீழ் மூலையிலை திகதியைப் பாருங்கோ, அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்த வெளிநாட்டு லினக்ஸ் சேர்வர் எண்டால் அது பெரும்பாலும் யூடிசி எண்ட உலகப் பொது நேரத்திலை ஓடும், எங்கட நேரம் அதிலும் அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, 6 மணி எண்டு போட்டால் இஞ்சை 11.30க்குத்தான் வரும், அதை நிண்டு போச்சு எண்டு கணக்கெடுக்கக் கூடாது.

பாஸ்வேர்ட் மாத்தினாலும் நிக்கும். டாஸ்க் எந்த யூசரின்ரை பேரிலை ஓடுதோ அவற்றை பாஸ்வேர்டை மாத்தினால் டாஸ்க்குக்குப் புதுசு தெரியாது. நல்ல நோக்கத்தோடை செய்த பாதுகாப்பு வேலை றிப்போர்ட்டைக் கொண்டுபோட்டிடும்.

அனுப்புற இடத்திலை வாற பிழை பெரும்பாலும் ஜிமெயில் சம்பந்தமானது. முந்தி வெறும் யூசர் பேரும் பாஸ்வேர்டும் குடுத்து ஸ்கிரிப்ட்டாலை அனுப்பலாம், கூகிள் அந்த வழியை தனிப்பட்ட கணக்குகளுக்கு 2022 மே 30 ஓடை பூட்டிட்டுது. இப்ப ரெண்டு படி உறுதிப்படுத்தலை ஓன் பண்ணி, ஸ்கிரிப்ட்டுக்கெண்டு தனியா தாற 16 எழுத்து "அப் பாஸ்வேர்ட்" எடுத்து, அதைத்தான் குடுக்கோணும், பிறகு ஆரும் அந்த ஜிமெயிலின்ரை சாதாரண பாஸ்வேர்டை மாத்தினால் அப் பாஸ்வேர்டும் செத்துப்போம். அவுட்லுக், ஹொட்மெயில் கணக்குகளிலையும் பழைய முறையை 2024 செப்டெம்பர் 16இலை நிப்பாட்டினவை. உங்கட றிப்போர்ட் நிண்ட மாதத்தை இந்தத் திகதியளோடை வைச்சுப் பாருங்கோ, ஒத்துவந்தால் வேறை ஒண்டும் தேடத் தேவையில்லை.

நிண்ட காரணம் இதுகளிலை ஒண்டு எண்டு தெரிஞ்சு திருத்தியாச்சு எண்டால், அப்பவும் கேள்வி முடியேல்லை, அடுத்த முறை நிக்கேக்கை ஆர் சொல்லுவினம் எண்டது அப்பிடியே கிடக்கு. அதாலைதான் இனி ஒவ்வொரு வழியா.

முதல் வழி, சேர்வரோடை வந்த றிப்போர்ட்டையே திருத்திறது. மைக்ரோசொஃப்டின்ரை ஸ்மோல் பிஸ்னஸ் சேர்வர் எண்டு ஒரு சாமான் இருந்தது, 2003, 2008, 2011 எண்டு பதிப்புகள், 75 பேருக்கு உட்பட்ட சின்ன இடங்களுக்கெண்டே செய்தது. கொழும்பிலை கழிச்சுவிட்ட மெசினுகளோடை அது வன்னிக்கும் வந்து சேந்திருக்கு. 2011 பதிப்பிலை ஒவ்வொரு நாளும் ஒரு சுருக்க றிப்போர்ட்டும் கிழமைக்கு ஒருக்கால் விரிவான றிப்போர்ட்டும் தானாகப் போகும். உண்மையைச் சொன்னால் அது வடிவான றிப்போர்ட், பச்சை டிக், சிவப்புக் குரொஸ், கணக்குத் தெரியாத ஆளுக்கும் விளங்கும். நிண்டால் கொன்சோலிலை றிப்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போய் கையாலை ஒருக்கால் உருவாக்கிப் பாக்கோணும். திரையிலை வருது, மெயிலிலை வரேல்லை எண்டால் பிழை மெயில் பக்கம். திரையிலையே வெறுமையா, இல்லாட்டி தகவல் இல்லை எண்டு வந்தால் பிழை தகவல் சேக்கிற பக்கம், அதுக்கு ரெண்டு சேர்விஸைப் பாக்கோணும், ஒண்டு எஸ்பிஎஸ் மனேஜர், மற்றது எஸ்பிஎஸ் மொனிற்றரிங் எண்ட பேரிலை இருக்கிற எஸ்கியூஎல் சேர்வர், அதாவது தகவலைச் சேத்து வைக்கிற டேட்டாபேஸ். 2008 பதிப்பிலை அந்த டேட்டாபேஸ் எஸ்கியூஎல் 2005 எக்ஸ்பிரஸ்ஸிலை ஓடுது, அதுக்கு 4 ஜிபி எல்லை, வருசக்கணக்கா ஒருத்தரும் துப்பரவாக்காமல் விட்டால் அது பெருத்து றிப்போர்ட் இழுபடத் தொடங்கும்.

இதிலை எனக்குப் பிடிக்காத விசயம் ஒண்டு. அந்தச் சேர்வருக்குள்ளை எக்ஸ்சேஞ் எண்ட மெயில் சிஸ்டமும் சேந்தே இருக்கு, றிப்போர்ட் அதாலைதான் போகுது. டிஸ்க்கிலை இடம் குறைஞ்சு போனால் எக்ஸ்சேஞ் தன்னைக் காப்பாத்திக்கொள்ள மெயில் எடுக்கிறதை நிப்பாட்டிவிடும். அதாவது டிஸ்க் நிரம்புது எண்டு உங்களுக்குச் சொல்லவேண்டிய மெயில், டிஸ்க் நிரம்பினதாலையே போகாது. மேலை சொன்ன அளவாலை அளந்தால் இது தோத்துப்போற இடம் இதுதான். மற்றது, 2003க்கு 2015 ஜூலை 14ஓடை ஆதரவு முடிஞ்சுது, 2008க்கும் 2011க்கும் 2020 ஜனவரி 14ஓடை முடிஞ்சுது, அதுக்குப் பிறகு சின்ன இடங்களுக்கெண்டு வந்த எசென்ஷல்ஸ் 2012 ஆர்2வுக்கும் 2023 ஒக்டோபர் 10ஓடை சரி. பாதுகாப்புத் திருத்தம் வராத மெசினிலை நாள் முழுக்க இருந்து றிப்போர்ட்டைத் திருத்திறது எனக்குச் சரியாப் படேல்லை. ஒரு மணித்தியாலம் பாருங்கோ, சேர்விஸ் ரெண்டையும் றீஸ்டார்ட் பண்ணுங்கோ, டிஸ்க்கிலை இடம் எடுங்கோ, வந்தால் வரட்டும், வராட்டி விட்டிட்டு புது மெசினுக்குக் காசு சேக்கிற கதையைக் கதையுங்கோ. சேர்வர் 2019இலையிருந்து எசென்ஷல்ஸ் பக்கம் இருந்த அந்த டாஷ்போர்ட் வசதியையே மைக்ரோசொஃப்ட் எடுத்துப்போட்டுது, புது மெசின் வாங்கினாலும் அந்தப் பச்சை டிக் மெயில் திரும்பி வராது.

ரெண்டாவது, சொந்தமா ஒரு ஸ்கிரிப்ட். விண்டோஸ் எண்டால் பவர்ஷெல், லினக்ஸ் எண்டால் பாஷ். இருவது முப்பது வரியிலை டிஸ்க் மிச்சம், கடைசி பக்கப் ஃபைலின்ரை திகதி, அளவு, நிண்டுபோன சேர்விஸ் இவ்வளவையும் எடுத்து மெயிலிலை அனுப்பலாம். செலவில்லை, எங்களுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் போடலாம். ஆனால் மெயில் அனுப்புற பகுதிதான் எப்பவும் கழுத்தறுக்கும். பவர்ஷெல்லிலை மெயில் அனுப்பிற பழைய கட்டளையை மைக்ரோசொஃப்டே வழக்கொழிஞ்சது எண்டு குறிச்சு வைச்சிருக்கு, இப்பவும் வேலை செய்யுது, ஆனால் பழைய விண்டோஸிலை அது தானாக, இணைப்பை மறைகுறியாக்கிற டிஎல்எஸ் 1.2ஐ எடுக்காது, ஸ்கிரிப்ட்டின்ரை தலையிலை ஒரு வரி போட்டுச் சொல்லிக் குடுக்கோணும். போர்ட் (மெயில் போற வாசல் நம்பர்) 587 குடுங்கோ, 465 குடுத்தால் அந்தக் கட்டளைக்கு அது தெரியாது, சும்மா தொங்கிக்கொண்டு நிக்கும். இன்னும் சில பேர் மெயில் சேர்வரையே கடையிலை ஓடவிட்டு நேர 25ஆம் போர்ட்டாலை அனுப்பப் பாக்கிறவை, வீட்டுக் கனெக்‌ஷனின்ரை மாறுற ஐபியிலை இருந்து வாற மெயிலை ஜிமெயில் வாசலிலையே திருப்பி அனுப்பும், அதோடை 2024 பெப்ரவரியிலை இருந்து அனுப்புற டொமெயினுக்கு எஸ்பிஎஃப் இல்லாட்டி டிகேஐஎம் எண்ட அனுப்புநர் உறுதிப்பாடு கட்டாயம். அந்த வழியை மறந்திடுங்கோ.

ஸ்கிரிப்ட் எழுதிறவைக்கு ஒரு இடம் சொல்லோணும், ஏனெண்டால் இதிலைதான் பொய் றிப்போர்ட் பிறக்குது. கன பேர் பக்கப்புக்கு விண்டோஸோடை வாற ரோபோகொப்பி எண்ட கொப்பி பண்ணுற புரோகிராமைப் பாவிக்கினம். வழமையா ஒரு புரோகிராம் 0 எண்டு முடிஞ்சால் வெற்றி, வேறை நம்பர் எண்டால் தோல்வி. ரோபோகொப்பி அப்பிடி இல்லை. 0 எண்டால் கொப்பி பண்ண ஒண்டும் இருக்கேல்லை எண்டு கருத்து, 1 எண்டால் ஃபைல்கள் வடிவா கொப்பி ஆச்சு, 8ம் அதுக்கு மேலையும்தான் உண்மையான பிழை. இது தெரியாமல் எழுதின ஸ்கிரிப்ட் நல்லா எடுபட்ட நாளிலை "பக்கப் ஃபெயில்" எண்டும், ஒண்டுமே கொப்பி ஆகாத நாளிலை "பக்கப் ஓகே" எண்டும் சொல்லும். நாளாந்தம் பில் போடுற கடையிலை 0 வாறது எண்டால் பில் சொஃப்ட்வெயார் தன்ரை ஃபைலை வேறை ஃபோல்டருக்கு மாத்திட்டுது எண்டு சந்தேகப்படோணும். நான் பாக்கிறது ஓகே எண்ட சொல்லை இல்லை, கடைசி ஃபைலின்ரை திகதியையும் அளவையும். நேத்து 800 எம்பி இருந்தது இண்டைக்கு 12 எம்பி எண்டால் என்ன ஓகே?

மொத்தத்திலை ஸ்கிரிப்ட்டும் மெயிலும் நல்ல சோடி, ஆனால் ஐயா கேட்ட கேள்விக்கு அதிலையும் பதில் இல்லை. சேர்வர் செத்தால் ஸ்கிரிப்ட்டும் செத்துது.

மூண்டாவது, மெயிலை விட்டிட்டு போனுக்கு அனுப்புறது. எங்கட முதலாளிமார் மெயில் பாக்கிறது குறைவு எண்டது எல்லாருக்கும் தெரியும், வங்கியாலை வந்ததையே மகளைக் கொண்டுதான் திறப்பிக்கினம். போன் எண்டால் கையிலை. ரெலிகிராம் இதுக்கு நல்ல லேசு, பொட்ஃபாதர் எண்ட கணக்கோடை கதைச்சு ஒரு பொட் (தானா மெசேஜ் போடுற கணக்கு) எடுத்தால் ஒரு டோக்கன் (அதின்ரை ரகசியச் சாவி) தரும், ஸ்கிரிப்ட்டிலை ஒரு வரியாலை மெசேஜ் போகும், காசில்லை, ஒரு மெசேஜுக்கு 4096 எழுத்து வரைக்கும். ரெண்டு இடத்திலை சறுக்கும். பொட் தானாக முதல் மெசேஜ் போடேலாது, முதலாளி தன்ரை போனிலை இருந்து ஒருக்கால் ஸ்டார்ட் அமத்தோணும். மற்றது குரூப்புக்கு அனுப்புறியள் எண்டால், அந்தக் குரூப் பிறகு சூப்பர்குரூப்பா (ரெலிகிராமின்ரை பெரிய குரூப் வகை) மாறினால் குரூப்பின்ரை நம்பரே மாறிப்போம், பழைய நம்பருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோக்கும். ஒரு பழைய குரூப்பிலை ஏதோ செற்றிங்கை ஆரோ தட்டினாலே இது நடக்கலாம்.

"எனக்கு ரெலிகிராம் வேண்டாம், வட்சப்பிலை அனுப்பேலாதோ?" எண்டு எல்லாரும் கேப்பினம். ஏலும், ஆனால் முறையா செய்யிறதெண்டால் பிஸ்னஸ் கணக்கு, முன்கூட்டியே அனுமதி எடுத்த மெசேஜ் அச்சு எண்டு ஒரு சின்னக் கடைக்கு அது பெரிய இழுவை. முறையில்லாத லைப்ரரியள் இருக்கு, இலவசம், ஆனால் நம்பரைத் தடைசெய்யிற ஆபத்து உண்டு, கடையின்ரை ஓடர் எடுக்கிற வட்சப் நம்பரை ஒரு டிஸ்க் றிப்போர்ட்டுக்காகப் பணயம் வைக்கிறது புத்தியில்லை.

எஸ்எம்எஸ் எண்டது பழசு எண்டு நினைக்க வேண்டாம். ஒரு யூஎஸ்பி டொங்கிளும் கம்மு எண்ட இலவச சொஃப்ட்வெயாரும் இருந்தால் சேர்வர் நேர சிம்மாலை எஸ்எம்எஸ் அனுப்பும், இன்டர்நெட் தேவையில்லை. ஐப்பசி கார்த்திகை இடிமின்னலுக்கு றவுட்டர் அடிபட்டுப்போய் லைன் இல்லாமல் கிடக்கேக்கையும் இது போகும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் டேட்டா சிக்னல் இழுபறிப்படுற மூலையளிலை இதுதான் நம்பகம். தமிழிலை எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துத்தான், ஆங்கில எழுத்தெண்டால் 160, அதாலை சுருக்கமா எழுதோணும். சிம்முக்கு ரீலோட் போட மறந்தால் எல்லாம் முடிஞ்சுது, அதையும் சொல்லத்தான் வேணும்.

போனுக்கு வாறதிலை உள்ள பெரிய லாபம், ஆள் பாப்பார் எண்டதுதான். ஆனால் நாளாந்தம் வாற ஓகே மெசேஜ் ரெண்டு மாதத்திலை கண்ணுக்குப் பழகிடும், பிறகு அது வராமல் விட்டாலும் தெரியாது. மெயிலிலை நடந்ததுதான் இஞ்சையும், கொஞ்சம் பிந்தி நடக்கும், அவ்வளவுதான்.

நாலாவதிலைதான் கதை மாறுது. இதிலை சேர்வர் உங்களுக்கு றிப்போர்ட் அனுப்பாது. வெளியிலை இருக்கிற ஒரு சேவைக்கு "நான் இருக்கிறன்" எண்டு மட்டும் ஒரு தட்டுத் தட்டும், தட்டு வரவேண்டிய நேரத்துக்கு வராட்டி அந்தச் சேவை உங்களை எழுப்பும். கனடாவிலை இருக்கிற மகன் ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுப்பான், ஒரு ஞாயிறு எடுக்காட்டி தாய்க்காறி தானாகத் தேடத் தொடங்குவா, "என்னாலை எடுக்கேலாது" எண்டு அவன் சொல்லவேண்டிய தேவை இல்லை. ஐயாவின்ரை கேள்விக்கு இதுதான் நேர்ப்பதில். கரண்ட் போனாலும், டிஸ்க் செத்தாலும், டாஸ்க் ஷெடியூலரிலை டிக் பிழைச்சாலும், பாஸ்வேர்ட் மாறினாலும், மணிக்கூடு பின்னுக்குப் போனாலும் விளைவு ஒண்டுதான், தட்டு வராது, ஆகவே உங்களுக்குத் தெரியும். நூறு காரணத்தையும் தனித்தனியா கண்காணிக்கத் தேவையில்லை.

ஹெல்த்செக்ஸ் டொட் ஐஓ எண்டு ஒண்டு இருக்கு, இலவசக் கணக்கிலை 20 செக் வரைக்கும் தரும், ஒரு கடைக்கு அது தாராளம். அதின்ரை கோட் திறந்த மூலம், விரும்பினால் சொந்தமாயும் ஓடலாம். ஸ்கிரிப்ட்டின்ரை கடைசியிலை அந்த இணைய முகவரியை ஒருக்கால் கூப்பிடுற வரி, அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வரியை எங்கை வைக்கிறது எண்டதிலைதான் முழு விசயமும். ஸ்கிரிப்ட்டின்ரை தொடக்கத்திலை வைச்சால் சேர்வர் உயிரோடை இருக்கு எண்டது மட்டும்தான் தெரியும். பக்கப் முடிஞ்சு, ஃபைலின்ரை திகதி இண்டைக்குத்தான் எண்டு பாத்து, அளவு சரியெண்டு பாத்து, அதுக்குப் பிறகு வைச்சால்தான் அந்தத் தட்டுக்குப் பெறுமதி. பிழையெண்டால் தட்டவே கூடாது, இல்லாட்டி பிழை எண்டு தட்டுறதுக்கெண்டு தனி முகவரி ஒண்டும் இருக்கு, அதுக்குத் தட்டலாம்.

எவ்வளவு நேரம் பொறுத்துப் பாக்கிறது எண்டதையும் நாங்கள்தான் குடுக்கோணும். கொழும்பு ஒஃபிஸ் மாதிரி அரை மணித்தியாலம் குடுத்தால் இஞ்சை ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் போன் அடிக்கும், பேந்து ஆக்கள் அலுத்துப்போய் நோட்டிஃபிக்கேஷனையே ஓஃப் பண்ணிப்போடுவினம். நான் ஆறு மணித்தியாலம் குடுக்கிற ஆள். இரவு 9க்கு பக்கப் எண்டால் விடிய 3க்குப் பிறகுதான் சத்தம், காலமை எழும்பிப் பாக்கக் காணும். ஞாயிறு பூட்டுற கடை எண்டால் திங்கள் தொடக்கம் சனி எண்டு கிரோன் மாதிரி அட்டவணை குடுக்கலாம், நேர வலயத்தையும் கொழும்பு எண்டு மாத்திவிடுங்கோ.

இதின்ரை குறை, வராட்டி ஏன் வரேல்லை எண்டு சொல்லாது. சேர்வர் செத்துதோ லைன் போச்சோ தெரியாது. அதுக்கு ஒரு சின்ன வேலை செய்யலாம், அதே கடையிலை பில் போடுற மற்றக் கொம்பியூட்டரிலையும் தனியா ஒரு தட்டு வையுங்கோ. ரெண்டும் நிண்டால் லைன் இல்லாட்டி கரண்ட், சேர்வரின்ரை மட்டும் நிண்டால் சேர்வர். முல்லைத்தீவிலை இருக்கிற கடைக்கு கிளிநொச்சியாலை மோட்டச்சைக்கிளிலை வெளிக்கிடமுதல் இது தெரிஞ்சிருந்தால் பெற்றோல் மிச்சம்.

அஞ்சாவது வழி, சேர்வர்களைக் கண்காணிக்கிற பெரிய சிஸ்டம், சபிக்ஸ், நெட்டேட்டா, அப்டைம் கூமா மாதிரி. அறிவியல் நகரிலை பொறியியல் படிக்கிற பெடியளைக் கேட்டால் சபிக்ஸ் போடத்தான் சொல்லுவாங்கள், அவங்களுக்கு அது நல்ல பயிற்சி. ஒரு சேர்வர் இருக்கிற கடைக்கு அது தேவையில்லை, அதுக்கே ஒரு டேட்டாபேஸ், அதுக்கே ஒரு பக்கப், அதைப் பாக்க ஒரு ஆள். நெட்டேட்டாவின்ரை கிராஃப் பாக்க நல்ல வடிவு, ஒரு கிழமைக்குப் பிறகு ஆரும் திறக்க மாட்டினம். அப்டைம் கூமா லேசு, தட்டுக்குக் காத்திருக்கிற வசதியும் அதிலை இருக்கு, ஆனால் அதை அதே சேர்வரிலை பூட்டுற ஆக்களைக் கண்டிருக்கிறன், அப்பிடிப் பூட்டினால் என்ன பிரியோசனம், ரெண்டும் சேந்துதான் சாகும். வேறை இடத்திலை ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் ஒண்டிலை ஓடலாம், கரண்ட் வெட்டு வெட்டா வந்தால் எஸ்டி கார்ட் பழுதாகும் எண்டதை நினைவிலை வையுங்கோ. அஞ்சாறு கிளையிலை சேர்வர் வைச்சிருக்கிற கூட்டுறவுச் சங்கம், ரெண்டு மூண்டு மாவட்டத்திலை வேலை செய்யிற நிறுவனம் எண்டால் மட்டும்தான் இந்தப் பக்கம் யோசிக்கலாம். கிழமைக்கு ஒருக்கால் ஆள் வந்து பாக்கிறது எண்ட வழியும் இருக்கு, அது றிப்போர்ட்டுக்கு மாற்று இல்லை, ஆனால் பக்கப்பைத் திருப்பி எடுத்துப் பாக்க அப்பிடி ஒரு ஆள் வேணும், அதை எந்த ஸ்கிரிப்ட்டும் முழுசாச் செய்யாது.

அப்ப எதை எடுக்கிறது? ஒரு சேர்வர், ஒரு முதலாளி, நல்ல லைன் எண்டால் ஸ்கிரிப்ட்டோடை நாலாவது வழி, அதின்ரை எச்சரிக்கை ரெலிகிராமுக்கு. நாளாந்த ஓகே மெசேஜை முதலாளிக்கு அனுப்பவே வேண்டாம், கிழமைக்கு ஒருக்கால் திங்கள் காலமை ஒரு சுருக்கம் காணும், பிழையெண்டால் மட்டும் உடனே. மில் ஐயாவுக்கு இதைத்தான் சொன்னனான், காலபோக அறுவடைக்கு நெல்லு வந்து குவியிற மாசி பங்குனிக்கு முதல் செய்து முடியுங்கோ, அந்த நேரம் மெசினைத் தொட விடமாட்டியள் எண்டும் சேத்து. லைன் நம்பேலாத இடமெண்டால் அதோடை எஸ்எம்எஸ் டொங்கிளும். கிளினிக் எண்டால் நோயாளியளின்ரை பேர், விபரம் ஒண்டும் றிப்போர்ட்டுக்குள்ளை போகக் கூடாது, ஃபைல் பேரிலை கூட, டிஸ்க் அளவும் திகதியும் மட்டும் போகட்டும். பழைய 2011 சேர்வரிலை இன்னும் ஓடுறவை அதிலை புதுசா ஒண்டும் கட்டாமல், பக்கப்பை வெளி டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டு, தட்டை மட்டும் வையுங்கோ. அந்த விண்டோஸிலை டிஎல்எஸ் 1.2 வேலை செய்ய வைக்க ஒரு அப்டேற்றும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும் தேவைப்படலாம், அதுக்கு ஏலாட்டி பக்கத்திலை இருக்கிற விண்டோஸ் 10 கொம்பியூட்டர் ஒண்டு பக்கப் ஃபோல்டரைப் பாத்து தட்டட்டும், சேர்வரைத் தொடவே தேவையில்லை.

மாறேக்கை பழைய மெயிலை உடனே நிப்பாட்டாதேங்கோ, ஒரு மாதம் ரெண்டும் ஓடட்டும். அதுக்குள்ளை ஒருநாள் பக்கப் நேரத்துக்கு முதல் வேணுமெண்டே நெட்வேர்க் வயரைக் கழட்டி வைச்சு, தட்டு வரவேண்டிய நேரத்திலை இருந்து ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு போன் அடிக்குதோ எண்டு பாருங்கோ, சோதிக்காத எச்சரிக்கை இல்லாத எச்சரிக்கைதான். கணக்குகளை ஆரின்ரை பேரிலை திறக்கிறியள் எண்டதையும் முதலே முடிவெடுங்கோ. பூட்டுற பெடியன்ரை சொந்த ஜிமெயிலிலையும் சொந்த நம்பரிலையும் எல்லாத்தையும் திறந்து வைச்சிட்டு அவன் அடுத்த வருசம் கட்டாருக்கோ லண்டனுக்கோ போட்டான் எண்டால் பொட்டும் அவனோடை போகும், எச்சரிக்கை அங்கை அவன்ரை போனிலைதான் அடிக்கும். கடையின்ரை பேரிலை ஒரு ஜிமெயில், கடையின்ரை சிம், அப் பாஸ்வேர்டும் டோக்கனும் ஒரு பேப்பரிலை எழுதி காசுப்பெட்டிக்குள்ளை. எச்சரிக்கை ரெண்டு பேருக்குப் போகட்டும், ஒண்டு முதலாளிக்கு, மற்றது கடையிலை ஒவ்வொரு நாளும் நிக்கிற கணக்குப்பிள்ளைக்கு.